கடல்நாய்க்குத் தண்ணீர்

சேதுராமன் சாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் சோலைமுத்துவின் கையிலிருந்து தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“தண்ணி கொண்டுவராதேன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கேன். கண்ணு தெரியலையா?”

“வெயில்ல லாரியிலேருந்து பெட்டி இறக்கிட்டு வர்றேன் சார். நாக்கு வறண்டுபோச்சு.”

“உள்ள இருக்கிற படத்துல ஒரு சொட்டு பட்டா நீயும் நானும் ஊருக்குத்தான். இன்னொரு தடவை பார்த்தேன், உன் விசா கேன்சல். கலாஸ், முடிஞ்சுது!”

கோபத்தில் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே கிடங்குக்குள் போனார். சோலைமுத்து பின்னால் போனான். கதவு மூடிக்கொண்டது.

வளைகுடாவில் அல் கூஸ் என்ற பகுதியில், கண்காட்சிகளுக்கு வரும் ஓவியங்களைப் பாதுகாக்கும் கிடங்கு அது. சார் மேனேஜர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஸ்டோர் கீப்பர். சோலைமுத்து பரமக்குடிப் பக்கம், பெட்டி பிரிப்பவன்.

அந்த வாரம் வந்திருந்தது பழைய படம் ஒன்று. வடதுருவத்துக்குப் போன பயணக் குழுவோடு கப்பலேறிய ஓவியர், பனி வீடுகளில் வாழ்ந்தவர்களுடன் ஒரு குளிர்காலம் தங்கி வரைந்தது. வேட்டையாடிய கடல்நாய் பனியில் கிடக்கிறது. ஒரு பெண் குனிந்து, செத்த அதன் வாயில் தண்ணீர் ஊற்றுகிறாள்.

பெட்டியைப் பிரித்த அன்று, “எஸ்கிமோவா மேடம்?” என்று கேட்டான் சோலைமுத்து.

“இனுவிட்னு சொல்லணும்” என்றாள் படத்தோடு வந்திருந்த அனன்யா. “கடல்ல உப்புத் தண்ணிதானே? அது தாகத்தோட இருக்குமாம். நமக்கு உடம்பைக் குடுத்துச்சேன்னு நல்ல தண்ணி குடுத்து அனுப்பறாங்க.”

“கொன்னு போட்டுட்டுத் தண்ணி காட்டுறாளா? நம்ம கம்பெனி மாதிரியில்ல இருக்கு!”

எல்லோரும் சிரித்தோம். சார் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது, மூடிய கதவுக்குள்ளிருந்து அபாய மணி அடித்தது.

மணி அடித்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். தலைமை அலுவலகம் விடுவித்தால்தான் திறக்கும். படம் திருட்டுப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நான் போன் போட்டேன். “ஹோல்ட் பண்ணுங்க” என்றார்கள். அனன்யா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் திறந்தது.

சார் படத்துக்கு முன்னால் மல்லாந்து கிடந்தார். வாய், தாடை, சட்டைக் கழுத்து எல்லாம் ஈரம். பக்கத்தில் சோலைமுத்து மண்டியிட்டிருந்தான். கையில் திறந்த போத்தல்.

“ஐயோ, படத்துல பட்டுச்சா?” என்றாள் அனன்யா. எங்கள் எல்லோருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போனது.

ஆம்புலன்ஸ்காரர் நாடி பார்த்துத் தலையை ஆட்டினார். ஈரமான வாயைக் கண்டதும் முகம் மாறியது. மூச்சுத் திணறுகிறவருக்குத் தண்ணீர் ஊற்றினால் அதுவே உயிரை எடுத்துவிடும் என்றார்.

போலீஸ் வந்தது. கதவருகே நடந்த சண்டையை அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள்.

நான் சோலைமுத்துவின் தோளைப் பிடித்தேன். “என்னடாப்பா செய்தனி? மூச்சு இருக்கேக்கையோ ஊத்தினனி?”

சோலைமுத்து போத்தலை மூடினான்.

போலீஸ்காரர் கிடங்குக் கேமராவின் பதிவைப் போடச் சொன்னார்.

திரையில் சார் நெஞ்சைப் பிடித்தபடி சரிகிறார். போத்தல் உருள்கிறது. சோலைமுத்து ஓடிப்போய் மணியை அழுத்துகிறான். திரும்பி வந்து அவர் நெஞ்சை அழுத்துகிறான். அழுத்துகிறான். இடையில் ஓடிவந்து கதவை உதைக்கிறான். மறுபடி போய் அழுத்துகிறான், கை ஓயும்வரை.

பிறகு மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறான். நெஞ்சில் காதை வைக்கிறான். அப்படியே உட்கார்ந்துவிடுகிறான்.

தலை நிமிர்ந்து படத்தைப் பார்க்கிறான்.

அதற்குப் பிறகுதான் போத்தலை எடுக்கிறான். படத்தின் மேல் தெறித்துவிடாமல் தன் முதுகால் மறைத்துக்கொண்டு, சார் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறான்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். சோலைமுத்துவைப் போகச் சொன்னார்.

வெளியே வந்து கேட்டேன். “செத்திட்டார் எண்டு தெரிஞ்சும் ஏன்டா ஊத்தினனி? உன்னை ஊருக்கு அனுப்புவன் எண்ட மனுசன்.”

“அவருக்கு இங்க பால் ஊத்த யாரு இருக்கா அண்ணே? சம்சாரம் போயிருச்சு. மகன் கனடாவுல.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “என்னைத் திட்டித் திட்டி அவருக்கும் நாக்கு வறண்டிருக்கும்.”

யாழ்ப்பாணத்தில் என் மனைவி பத்மாசனிக்குக் கடைசியாகப் பால் பருக்கியது என் மைத்துனர். நான் அன்று இங்கே டூட்டியில் இருந்தேன்.

படம் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது. அதில் ஒரு துளியும் பட்டிருக்கவில்லை.

‘தண்ணீர் கொண்டுவராதே’ என்று சார் தன் கையால் எழுதிய தாள் இன்னும் அந்தக் கதவில் ஒட்டியிருக்கிறது.