நடுவுல எதுக்கு ஆளு?

“கடவுள்கிட்ட நேரா கேட்க வேண்டியதுதானே அத்தை! நடுவுல எதுக்கு இன்னொரு ஆளு?”

மருமகன் போட்ட சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். வேறு வழியில்லை. மாமியாரின் காது மெஷின் காணாமல் போய் மூன்று நாள் ஆகிறது. கத்தினால்தான் பாதியாவது அவர் காதில் விழும்.

மாமியார் கத்தோலிக்கர். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் அந்தோனியார் என்று, அவருடைய சுரூபத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு, செபமாலையும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். மருமகன் புராட்டஸ்டண்ட். சிலை, மெழுகுவர்த்தி என்றாலே முகம் சுளிப்பார்.

“மாப்பிள்ளை, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட் மெக்கானிக். அதுக்கென்ன இப்போ?”

“மாடிக்குத்தான் படி இருக்கே, நடுவுல எதுக்கு லிஃப்ட்டுன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?”

அடுப்படியில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“லிஃப்ட்டும் இதுவும் ஒண்ணா? செத்துப்போன மனுஷர்கிட்ட போய்...”

“போன மாசம் காய்ச்சல்ல படுத்தப்போ, ‘எனக்காக ஜெபம் பண்ணுங்க’ன்னு உங்க பாஸ்டருக்கு போன் போட்டீங்களே. அவர் மட்டும் நடுவுல வரலாமா?”

“அவர் உயிரோட இருக்கார்!”

“இவரும்தான்.”

மருமகன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மகளுக்கு வந்த சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தது வியாழக்கிழமை. வந்ததும் பார்த்தால் மெஷின் இல்லை. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தால், “வார்டு பூரா தேடிட்டோம், இல்லைங்க” என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் அக்காவுக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன். வெளியூரில் இருக்கிறார். “சனிக்கிழமை ஆறு மணிக்குப் பேசறேன்டி. உன் குரலைக் கேட்டுட்டுப் போனா தெம்பா இருக்கும்” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். இன்றைக்குத்தான் சனிக்கிழமை.

‘இந்த நேரத்துலகூட வாதம் பண்ணணுமா? மனுஷனுக்கு மனசுல ஈரமே இல்லை’ என்று மகள் பொருமினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் மருமகன் வரவில்லை. மூன்றரை மணிக்கு வந்தார். மாமியார் அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நாலு மணிக்கு மாமியார் அறையிலிருந்து ஒரே கூச்சல்.

“கிடைச்சுடுச்சு! செபமாலைப் பெட்டிக்குள்ளயே இருக்கு! காலையிலகூட இதைத் திறந்தேன், அப்போ இல்ல. கோடி அற்புதரே! மாப்பிள்ளை, இப்ப என்ன சொல்றீங்க?”

மருமகன் தலையைத் துவட்டியபடி வாசலில் நின்றார்.

“என்னத்தைச் சொல்ல? உங்க ஆளு ஜெயிச்சுட்டார் அத்தை.”

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் வாயிலிருந்தா இப்படி ஒரு வார்த்தை?

துவைக்கிற கூடையில் அவர் கழற்றிப்போட்ட சட்டையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சட்டை முழுக்க வெள்ளைப் பஞ்சும் நூலும். குப்பென்று பினாயில் வாசனை வேறு.

“எங்க போயிருந்தீங்க, உண்மையைச் சொல்லுங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆஸ்பத்திரி லாண்டரிக்கு. எல்லாரும் வார்டுலயே தேடினாங்க. கழட்டிப் போட்ட தலையணை உறை எங்க போகும்னு யாரும் யோசிக்கல. அங்க போனா அழுக்குத் துணி அறுபது மூட்டை கிடக்கு. நல்லவேளை, இன்னும் துவைக்கப் போடல. அங்க வேலை பாக்கற ரெண்டு பேர் சாப்பிடக்கூடப் போகாம என்கூடச் சேர்ந்து உதறினாங்க. ஒரு உறையோட மூலைல சிக்கிட்டு இருந்துச்சு.”

“இதை அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே? ஒரே போடா போட்டிருக்கலாமே!”

“மூணு நாளா நம்பிக்கையோட உட்கார்ந்திருக்காங்க. நான்தான் தேடினேன்னு சொல்லி அதைப் பிடுங்கணுமா? நான் நன்றி சொல்ல வேண்டியவருக்கு அங்கயே சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அறுபது மூட்டைல ஒரு மூட்டைக்காவது அந்தோனியார் பேரு வாயில வந்துச்சா?”

“ஏய், போய் டீயைப் போடு.”

ஆறு மணிக்கு போன் வந்தது. அக்காவும் தங்கையும் அழுது, சிரித்து, பழைய சண்டையெல்லாம் கிளறி, முக்கால் மணி நேரம் பேசினார்கள். பேசி முடித்ததும், காது நோகுது என்று மாமியார் மெஷினைக் கழற்றி வைத்தார். கழற்றிவிட்டால் அவர் முணுமுணுப்பதும் நாலு வீட்டுக்குக் கேட்கும். அது அவருக்கு மட்டும் தெரியாது.

அடுப்படியில் நின்ற இரண்டு பேருக்கும் அவர் செபம் தெளிவாகக் கேட்டது.

“அந்தோனியாரே, கோவிச்சுக்காதீங்க. மெஷினைக் கொண்டுவந்து பெட்டில வச்சது மாப்பிள்ளை. தூங்கற மாதிரி படுத்துக்கிட்டு நான் பார்த்துட்டேன். அவரா சொல்லாதப்போ நான் எதுக்கு வாயைத் திறக்கணும்? எனக்காகத் தோத்துப்போனார். அந்தச் சந்தோஷம் அவருக்கே இருக்கட்டும்.”

மருமகன் டீ டம்ளரை மேடையில் வைத்துவிட்டுக் கதவோரம் நகர்ந்தார்.

“இன்னைக்கு மெழுகுவர்த்தி மெஷினுக்காக இல்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, ‘வேற சபைப் பையன் வேணாம், இந்தக் கல்யாணத்தை எப்படியாவது நிறுத்திக் கொடுங்க’ன்னு ஒன்பது நாள் உங்க முன்னாடி முட்டி போட்டு அழுதேனே... அதைக் காதுலயே வாங்கிக்காம விட்டீங்க பாருங்க, அதுக்கு!”