நாற்பதைத் தாண்டாத வண்டி

"எஞ்சின் போச்சு, அவ்ளோதான்ணே" என்றான் விஷால். துக்கச் செய்தியை இவ்வளவு பல் தெரியச் சொன்ன ஆளை மெக்கானிக் முனிரத்தினம் அதுவரை பார்த்ததில்லை.

"அத நான் சொல்லணும்பா. நீயே சொல்லிட்டா, நான் எதுக்குக் கட தொறந்து வச்சிக்கினு இருக்கறேன்?"

விஷாலின் மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. தறி நெய்யும் அப்பா கலியாணசுந்தரம் முந்தின நாள் பிள்ளையார்பாளையத்தில் மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாக வாக்குக் கொடுத்திருந்தார். எஞ்சின் போய்விட்டதென்று முனிரத்தினம் தன் வாயால் சொன்னால் புது வண்டி. இல்லையென்றால் காலேஜ் முடியும்வரை, விஷாலுக்கு ஆறு வயது மூத்த இந்த வண்டியேதான்.

"என்னா பண்ணுது?"

"நாப்பதத் தாண்ட மாட்டேங்குதுபா" என்றார் கலியாணசுந்தரம். "முறுக்கினா இருமுது. கறுப்பா பொக வுடுது. நேத்து செவிலிமேடு பாலத்துல நூல் மூட்ட வச்சிக்கினு சைக்கிள்ல போன ஒருத்தரு எங்கள ஓவர்டேக் பண்ணாரு. பண்ணிட்டுத் திரும்பி வேற பாத்தாரு."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வாரமா. இவன் வாலாஜாபாத் ரோட்டுல எம்பதுல போயி உருண்டுட்டு வந்தானே, அதுக்கு மறுநாள்லேந்து."

முனிரத்தினம் விஷாலின் முழங்கையில் போட்டிருந்த பேண்டேஜ் கட்டைப் பார்த்தார். "அப்ப விழுந்த வேகத்துல எதுனா அடி பட்டிருக்கும்" என்று வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின் சக்கரத்தைத் தள்ளிவிட்டார். பிரேக் பிடிக்காமல் தாராளமாகச் சுற்றியது. கிக்கரை மிதித்தார். காலை எதிர்த்துக்கொண்டு இறுக்கமாக இறங்கியது.

"கம்ப்ரஷன் நல்லாத்தான் இருக்குது."

விஷாலின் பற்களில் பாதி மறைந்தது.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கண்மை டப்பாவில் முக்கி எடுத்ததுபோல் கரி அப்பியிருந்தது. "பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி" என்று முணுமுணுத்துக்கொண்டே சோக்கைப் பார்த்தார், சரி. கார்ப்பரேட்டரைப் பிரித்தார், உள்ளே ஒரு தூசி இல்லை.

"அப்ப எஞ்சின்தான்ணே" என்று விஷால் எடுத்துக் கொடுத்தான்.

"நீ காமர்ஸ்தானே படிக்கற?"

"ஆமாண்ணே."

"அதப் படி."

முனிரத்தினம் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தார். அது இல்லாமலே வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கினார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி எஞ்சின் பாடியது. ஃபில்டரைத் திரும்ப வைத்தார், இருமியது. எடுத்தார், பாடியது.

"மூக்கப் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்பிடிப்பா ஓடும்?" என்றபடி ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

ஃபில்டரைச் சுற்றி இரண்டு மடிப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல், அரக்கு நிறத்தில் அசல் பட்டு.

"எதுக்குண்ணே இதுக்குப் பட்டு? முகூர்த்தம் எதுனா வச்சிருக்கீங்களா?" என்று கலியாணசுந்தரத்தைக் கேட்டார்.

கலியாணசுந்தரம் மகன் பக்கம் திரும்பினார். "டேய்! புது வண்டிக்காக இந்த வேல பண்ணியா நீ?"

"ஐயோ, நான் இல்லப்பா!"

"இருண்ணே, இருண்ணே" என்று நடுவில் புகுந்தார் முனிரத்தினம். "மொதல்ல இந்த முடிச்சப் பாரு."

துணியின் விளிம்பை ஒரு பட்டு நூல் இறுக்கிப் பிடித்திருந்தது. அதன் முனையில் கடுகைவிடச் சிறிதாக ஒரு முடிச்சு. தறியில் இழை அறுந்தால் சேர்ப்பதற்குப் போடுவார்களே, அந்த முடிச்சு. முனிரத்தினத்தின் நகத்துக்கு அது அசையவில்லை, ஸ்க்ரூடிரைவருக்கும் அசையவில்லை.

விஷாலின் ஷூ லேஸ் வழக்கம்போல் அவிழ்ந்து தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள்.

"இவனால முடியாது" என்று கலியாணசுந்தரமே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகுதான், அந்தக் கடையில் மிச்சம் நிற்கும் ஒரே நெசவாளி யார் என்பது அவருக்கு உறைத்தது.

முனிரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "ஏண்ணே, உனுக்கே புது வண்டி மேல ஆச இருந்தா, கமலாட்சி அக்காகிட்ட நேராக் கேக்க வேண்டியதுதானே? பொண்டாட்டிக்கு இவ்ளோ பயமா?"

"சத்தியமா நான் இல்லபா!"

"தேங்க்ஸ்ப்பா" என்றான் விஷால். அவன் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"டேய், நான் இல்லடா!"

கடைசியில் பிளேடு போட்டுத்தான் முடிச்சை அறுக்க வேண்டியிருந்தது. பட்டைக் கழற்றி எறிந்து, பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு, முனிரத்தினம் தீர்ப்புச் சொன்னார்: "எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. இன்னும் பத்து வருஷம் ஓடும்." விஷாலின் மிச்சப் பற்களும் மறைந்தன.

அப்பாவும் பிள்ளையும் வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வண்டி பறந்த பறப்பில், தெரு முனைக்கு வருவதற்குள் விஷாலின் வருத்தம் பாதியில் கழன்று விழுந்துவிட்டது.

உள்ளே கமலாட்சி தறியில் உட்கார்ந்து அரக்குப் புடவை நெய்துகொண்டிருந்தாள். நூல் கோத்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்காமல் ஓட, தலையை மட்டும் திருப்பினாள்.

"அதுக்குள்ள சரி பண்ணிட்டானா? இப்ப எவ்ளோ வேகம் போவுது?"

"எழுபதும்மா, அசால்ட்டா!" என்றான் விஷால்.

நாடா நின்றது. கமலாட்சி மகனின் முழங்கைக் கட்டை ஒரு முறை பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து, விரித்து, நீளம் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு மடிப்பு பத்தாது."