சாய்தளத் திறப்பு விழா

கோலம் போட வந்தவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நீளச் சட்டைக்குக் கீழே வெள்ளைக் காலுறை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற மாதிரி ஒரு கறுப்புச் சப்பாத்து. பொதுநோக்கு மண்டப வாசலில் நின்ற யோகநாதனுக்குக் காலங்காத்தாலேயே எரிச்சல் மூண்டது.

"நாகரிகம் முத்திப்போச்சு. இனிக் கைக்கும் உறை போட்டுக்கொண்டு வருவினம்" என்றார், பக்கத்தில் நின்ற செயலாளர் விமலேஸ்வரியிடம்.

கோலம் போட வந்தவளின் பெயர் கிருசாந்தி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பகுதியில் மூன்று வருடமாக இருக்கிறாள். யோகநாதன் பதினொரு வருடமாகக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். அந்த வாய்க்காலை அவர் தாண்டியது ஒரேயொரு முறை, அதுவும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய தன் மாட்டைத் தேடி.

மண்டபத்தைத் திருத்தி, படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் கட்டிக்கொடுத்த நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. சங்க நிர்வாகத்தில் ஒரு மாற்றுத்திறனாளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்தின் சாவி யோகநாதன் கைக்கு வராது.

"எங்கட ஊரில அப்பிடி ஆர் இருக்கினம்?" என்று அவர் கூட்டத்தில் கையை விரித்திருந்தார். சண்டை தின்றுவிட்டுப்போன கைகால்களுக்கு அளவேயில்லாத வன்னியில் நின்றுகொண்டு இப்படிக் கேட்க அவருக்கு வெட்கமாகவும் இருக்கவில்லை.

விண்ணப்பம் ஒன்று வந்துதான் இருந்தது. உறையின் பின்பக்கத்தில் வாய்க்காலுக்கு அங்கால உள்ள விலாசத்தைக் கண்டதும் அவர் அதைப் பிரிக்கவேயில்லை. சங்க மேசையின் ஒரு கால் கட்டையாக இருந்து ஆடிக்கொண்டிருந்தது. கடிதத்தை நாலாக மடித்து அதற்கு அடியில் செருகிவிட்டார்.

ஆளைத் தன் வீட்டுக்குள்ளேயே பிடித்துவிட்டார் என்பது வேறு கதை. மனைவியின் தம்பி செந்தூரன் கரப்பந்து விளையாடிக் கணுக்காலைச் சுளுக்கியிருந்தான்; அது பாதி மாறியும் விட்டது. அவனைச் சக்கர நாற்காலியில் இருத்தி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் துணி சுற்றியாயிற்று.

"அத்தான், எவ்வளவு நேரம் இப்பிடியே இருக்கிறது? கால் விறைக்குது."

"விறைச்சால் இன்னும் நல்லது. ஆட்டாமல் இரு."

கோலத்தை முடித்த கிருசாந்தி, கோலமா இருந்த தகரப் பேணியோடு சாய்தளத்தால் மேலே ஏறத் தொடங்கினாள்.

"ஏய் பிள்ளை! பக்கத்தில படி இருக்கிறது கண்ணில தெரியேல்லையோ? திறக்க முந்தியே மிதிச்சு ஊத்தையாக்கிறாய். இது உன்ரை ஆக்கள் நடக்கிறதுக்குக் கட்டினதில்லை!"

அவள் திரும்பி இறங்கிப் படியால் வந்தாள். நாலு படி ஏற அவள் எடுத்த நேரத்தைப் பார்த்து யோகநாதன், "சோம்பேறி" என்று முணுமுணுத்தார்.

பத்து மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து நிறுவனத்தின் அதிகாரி ராஜினி வந்து இறங்கினார். யோகநாதன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்கட ஊரில ஆரையும் நாங்கள் ஒதுக்கிறேல்லை. எல்லாரையும் அணைச்சுக்கொண்டுதான் போறம்!"

காலையிலிருந்து கதிரைகளைத் தூக்கி அடுக்கி, மேசைக்கடி வரைக்கும் கூட்டித் துடைத்த கிருசாந்திக்கு மட்டும் இருக்கக் கதிரை இல்லை. பின்கதவோடு சாய்ந்து நின்று அவளும் கை தட்டினாள்.

"முதல் திரியைப் புது நிர்வாக உறுப்பினரே ஏத்தட்டும்" என்றார் ராஜினி.

அங்கேதான் காரியம் கெட்டது. குத்துவிளக்கு என்றால் செருப்பைக் கழற்றி, எழுந்து நின்று, பயபக்தியோடு ஏற்ற வேண்டும் என்று செந்தூரனைச் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள். பழக்கம் ஆளை விடுமா? நாற்காலியை விட்டு எழுந்தான். இரண்டு செருப்பையும் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தான். வெறுங்காலோடு விளக்கடிக்கு விறுவிறென்று நடந்துபோய்த் திரியை ஏற்றிக் கும்பிட்டான்.

பின்வரிசையில் ஆரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"தலைவர், இவர்தானோ உங்கட மாற்றுத்திறனாளி?" ராஜினியின் குரல் தணிந்துதான் வந்தது.

"அது மிஸ்... இடைக்கிடை அவருக்குச் சுகம் வரும்."

ராஜினி கையிலிருந்த மெழுகுதிரியைப் பின்கதவுப் பக்கம் நீட்டினார்.

"அடுத்த திரியை, காலமை தொடக்கம் வேலை செய்யிற அந்தப் பிள்ளை ஏத்தட்டும். வாங்கோ தங்கச்சி."

கிருசாந்தி மெல்ல நடந்து வந்து மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு விளக்கை நெருங்கினாள். அதே சப்பாத்து. அவமானத்தில் புழுங்கிக்கொண்டிருந்த யோகநாதனுக்கு ஆத்திரத்தைக் கொட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது. கையில் ஒலிவாங்கி இருப்பதையும் மறந்து கத்தினார். ஊர் முழுக்கக் கேட்டது.

"அறிவில்லையோ உனக்கு? சாமி விளக்கடியில சப்பாத்தோட நிக்கிறாய்! மரியாதை தெரியாத சனம். முதல்ல அதைக் கழட்டு!"

கிருசாந்தி நின்றாள். விளக்கைப் பார்த்தாள், பிறகு மூலையில் ஆடாமல் நின்ற சங்க மேசையைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"அந்த மேசைக்குக் கீழ கிடக்கிற கடிதத்தில எல்லாம் எழுதித்தான் தந்தனான் ஐயா. சப்பாத்தைக் கழட்டினால் காலும் சேர்ந்தெல்லோ வரும்."