வெயிலில் ஓர் இசைத்தட்டு

கேரள எல்லை, கோபாலபுரம் சோதனைச்சாவடி. உச்சி வெயில். பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ்ஸைக் காலி செய்து, எல்லாரையும் தார் ரோட்டில் அவரவர் பைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கடத்தல் அரிசி தேடி ஒவ்வொரு பையாகக் கம்பியால் குத்திக்கொண்டு வருகிறான் காவலன். ராக்கியப்பனின் பையில் இருப்பது எசப்பாட்டு இசைத்தட்டு. உறுமி துரத்த, இரண்டு பேர் மூச்சு விடாமல் ஒருவரையொருவர் வாரிவிடும் பாட்டு. கடை வாசலில் நின்று மூன்று மாதம் கேட்டு, இன்றுதான் வாங்கியிருக்கிறான். வெயில் பட்டால் தட்டு அப்பளமாய் நெளிந்துவிடும். குனிந்து தன் நிழலைப் பைமேல் போடுகிறான், நிழல் போதவில்லை. விரல்கள் தொடையில் உறுமித் தாளம் போடுகின்றன, வேகமாக, இன்னும் வேகமாக.

"ஏனுங்க, செத்த சும்மா நில்லுங்க. அதென்ன, எனக்குச் சக்களத்தியா?" மனைவி மயிலாத்தாள் பல்லைக் கடிக்கிறாள்.

பையைத் திறந்து பார்த்த காவலன் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்கிறான். ராக்கியப்பன் தட்டை உருவி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். விளிம்பு லேசாகத் தூக்கியிருக்கிறது.

"ஐயோ, நெளிஞ்சிருச்சு புள்ள!" அலறுகிறான். "உன் மடியில கட்டியிருக்கற அரிசிய எடு, மேல வெச்சு அமுக்கோணும்!"

காவலன் திரும்புகிறான். மயிலாத்தாளின் இரண்டு கைகளும் தாமாகவே வயிற்றைப் பொத்துகின்றன.