ஆறாத டம்ளர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் அத்தனையும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும். மிச்சமிருப்பதே ரெண்டுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் கருவி அறைச் சாவி வைத்திருக்கிற பயிற்சிக்கூடத்தில் நடந்தது இது. தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களை அனுப்புவார்கள். சூட்டையும் அழுத்தத்தையும் அதிர்வையும் சென்சார் வைத்து அளந்து, அந்த அளவை வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்க் கோடாக வரைய, இங்கே கையால் செய்து பழக வேண்டும்.

பழக்குகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமப்புள்ளி. தும்மினால்கூட மூன்று தசமம் வரை சுத்தமாகத் தும்முவார். அவர் வீட்டு நாய், ஸ்கேலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாலை ஆட்டும்.

அவர் எடுத்த படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் தொங்கும். டம்ளர் வெந்நீர் ஆற ஆற, சென்சார் வரைந்த கோடு. வெண்ணெயில் விரலை இழுத்த மாதிரி வழவழவென்று இறங்கும்.

"இதே கதவோர மேஜை, இதே டம்ளர், இதே மத்தியான நேரம். கோடுன்னா இப்படி இருக்கணும்," என்பார்.

கடைசி நாள் தேர்வும் அதுதான். பாதி டம்ளர் வெந்நீர், உள்ளே சென்சார். சென்சார் வயர் போய்ச் சேரும் பதிவுப் பெட்டியை ஓட விட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விடலாம். அளவை அதுவே எடுத்துக்கொள்ளும்.

கதவோர மேஜை பம்ப் கம்பெனிப் பெண்ணுக்கு வந்தது. தேறினால் சோதனைப் பிரிவில் வேலை. தேறாவிட்டால் பழையபடி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போக வேண்டியதுதான். பக்கத்து மேஜையில் அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் நாத்தனார்.

சாப்பிட்டு வந்து பார்த்தால், எல்லார் கோடும் சமர்த்தாக இறங்கியிருக்கிறது. இவள் கோடு மட்டும் ஒட்டகம். ரெண்டு திமில்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, அந்த ரெண்டு மேட்டையும் அழிச்சு நேராக்கிடுங்க. ஒரு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடி."

"பாவம் எங்கண்ணன். தினமும் இதைக் கேட்டுட்டுதான் சோறு திங்கிறானா?"

"வந்த அளவை மாத்தறதுன்னா எதுக்குடி அளக்கணும்? வீட்லயே வரைஞ்சு எடுத்துட்டு வந்திருக்கலாமே."

தசமப்புள்ளி வந்தார். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, ஆறிட்டிருந்த தண்ணி நடுவுல ரெண்டு தடவை தானா சூடாச்சா?"

"ஆயிருக்கு சார். அதோட, பாதி டம்ளரா இருந்தது இப்ப முக்கால் டம்ளரா இருக்கு."

"ஓஹோ, வளர்ந்தும் இருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா எழுந்து நடக்குமா?"

கூடமே சிரித்தது. நாத்தனார் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பொய் அளவு காட்டறவங்களுக்கு இந்தத் தொழில்ல இடமே கிடையாது," என்றார் தசமப்புள்ளி. "வா, நிர்வாகி அம்மாகிட்டயே பேசிக்கலாம்."

ஒட்டகத்தைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டார். நல்ல கோடு எப்படி இருக்கும் என்று காட்ட, சுவரிலிருந்த தன் கண்ணாடிப் படத்தையும் கழற்றி இடுக்கிக்கொண்டார். சாட்சிக்கு டம்ளரை நான் தூக்கிக்கொண்டேன்.

நிர்வாகி அம்மா கணக்குப் பிரிவிலிருந்து மேலே வந்தவர். சென்சாருக்கும் சேஃப்டி பின்னுக்கும் வித்தியாசம் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் தங்கமான மனசு. தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று எந்நேரமும் தோளில் ஒரு வெந்நீர் பிளாஸ்க்.

தசமப்புள்ளி வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் கண் என் கையில் இருந்த டம்ளரில் விழுந்தது.

"அட, இதை இன்னும் யாரும் குடிக்கலையா?"

"குடிக்கவா?" என்றார் தசமப்புள்ளி.

"ஆமா சார். யாரோ வெந்நீரை வச்சுட்டு, குடிக்காமலே சாப்பிடப் போயிட்டாங்க. கதவோரமா இருந்ததா, கண்ணுல பட்டுது. ஆறிப்போகுதேன்னு ரவுண்ட்ஸ் போறப்ப ஒரு தடவை ஊத்தினேன், திரும்பி வர்றப்ப ஒரு தடவை ஊத்தினேன். உள்ள ஒரு கம்பி வேற கிடந்துது. சூடாக்குற கம்பி வேலை செய்யலை போலன்னு நினைச்சேன்."

பம்ப் கம்பெனிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு.

தசமப்புள்ளி சட்டென்று குரலை மாற்றினார். "அதானே. சென்சார் பொய் சொல்லாதுன்னு நான் எப்பவும் சொல்வேனே. பொண்ணு தேறிட்டா. நாங்க வர்றோம்மா."

"இருங்க, அது என்ன கையில? காட்டுங்க."

அம்மா கண்ணாடிப் படத்தை வாங்கி, ஒட்டகத்துக்குப் பக்கத்தில் வைத்து, இங்கேயும் அங்கேயும் பார்த்தார்.

"இது அந்தப் பெட்டி புதுசா வந்தப்ப, கதவோர மேஜையில நீங்க எடுத்ததுதானே சார்?"

"ஆமாம்மா," என்றார், கதவைப் பார்த்தபடி.

"அன்னைக்கு மூக்கடைப்போட இருந்தீங்களேன்னு, உங்க டம்ளர்லயும் ரெண்டு தடவை ஊத்தினேனே சார். உங்க தண்ணிக்கு மட்டும் ஏன் சூடே ஏறலை?"

இப்போது அந்தச் சட்டத்தில் தொங்குவது ரெண்டு திமில் ஒட்டகம். மாட்ட ஆணி அடித்தவன் நான். ஆனால் கதை என் வாயிலிருந்து வந்ததென்று தசமப்புள்ளி காதில் போட்டுவிடாதீர்கள். கேட்டால், டம்ளர் சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.