கதவில்லாத பீரோ

படுக்கையறை மூலையில் இருந்த நாற்காலி தன்னை ஒரு பீரோ என்றே நம்பியிருந்தது. மாடிக் கொடியிலிருந்து எடுத்த துணியெல்லாம் நேரே அதன் மேல்தான் வந்து விழும். "நாளைக்கு மடிச்சுக்கலாம்" என்பாள் வீட்டுக்காரி செண்பகவல்லி. அந்த நாளை வந்ததே இல்லை.

"கதவுதான் இல்லை. மத்தபடி அந்தப் பெரிய பீரோவைவிட எங்கிட்டதான் துணி அதிகம்" என்று சுவரிலிருந்த பல்லியிடம் நாற்காலி பீற்றிக்கொள்ளும். ஒரே ஒரு சந்தேகம்தான் அதற்கு. எந்தப் பீரோவுக்கும் இல்லாத இரண்டு கைகள் தனக்கு மட்டும் எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி அந்தக் குவியலில் கை வைத்தாள். பாதித் துணி யாருக்கோ கொடுக்கவென்று பைக்குள் போனது. மீதி மடிந்து பெரிய பீரோவுக்குள் போனது. மத்தியானத்துக்குள் நாற்காலியின் மேல் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"என்னைக் காலி பண்ணிட்டாங்க பல்லி! இனிமே என்னை எதுக்கு வச்சிருப்பாங்க? தெருவுலதான் போடுவாங்க."

பல்லி சுவரில் கொஞ்சம் கீழே இறங்கி வந்து பார்த்தது.

செண்பகவல்லி நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். ஆனால் வாசலுக்கு இல்லை, ஜன்னலோரத்துக்கு. "அப்பாடா" என்று அதில் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடினாள்.

நாற்காலி சிலிர்த்துப்போனது. அதன் கைகளின் மேல் இரண்டு கைகள் வெதுவெதுப்பாக இருந்தன. அதன் முதுகில் ஒரு மூச்சு மெல்ல ஏறி இறங்கியது.

பல்லி ஏதோ கேட்க வாயைத் திறந்தது.

"உஷ்! தூங்குறாங்க" என்றது நாற்காலி.