மறைந்த மேதை சொன்னது

அசுன்சியோன் நகரப் பல்கலைக்கழகத்தில், நயேலியின் சட்ட ஆய்வேட்டைப் புரட்டிய பேராசிரியர் பெனித்தெஸ் எரிந்து விழுந்தார்.

“மறைந்த மேதை பரெய்ரோ சொன்னதை என் புத்தகத்துலேருந்துதானே எடுத்தே? அடிக்குறிப்புல என் பேர் எங்கம்மா?”

“மூலத்தையே பார்க்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?”

“மூலமெல்லாம் வெள்ளத்துல போயாச்சு. குடியிருக்கறவனுக்கு நிலத்துல உரிமையே கிடையாதுன்னார் அவர். நீ தலைகீழா எழுதியிருக்கே! இப்படியே கொண்டுவந்தா பட்டம் கிடைக்காது.”

நயேலியுடன் வந்திருந்த கிழவர் நிதானமாகக் குளிர்ந்த தெரெரே மூலிகைப் பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெனித்தெஸ் அவரிடம் திரும்பினார்.

“பெரியவரே, நீங்களாவது உங்க பேத்திக்குப் புத்தி சொல்லுங்க.”

கிழவர் குவளையைக் கீழே வைத்தார்.

“பேத்தி இல்லீங்க. என்னைத் தேடிக் கண்டுபிடிச்சு, நேர்லயே கேட்டு எழுதின பொண்ணு. நான்தான் பரெய்ரோ. அப்படி நான் சொல்லவும் இல்ல, சாகவும் இல்ல.”